தியாத்ர் மேடையில பாடிப் பிழைக்கிறவங்ககிட்ட நான் கத்துக்கிட்டது

கோவான்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு பீச்சும் வாடகை ஸ்கூட்டரும்தான் ஞாபகம் வரும், வந்துட்டுப் போறவங்க கண்ணுக்கு அதுதான் படுது, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்காவ் ஊர்ல இருக்குற ரவீந்திர பவன் அரங்க வாசல்ல போய் நின்னு பாருங்க, பூப்போட்ட கவுன் போட்ட பாட்டிங்க, பேரப்பிள்ளையைக் கையில புடிச்சுட்டு வர்ற தாத்தாங்க, கப்பல்ல இருந்து லீவுக்கு வந்த பசங்க, கல்யாணம் ஆன புது ஜோடின்னு ஒரு ஊரே உள்ள போகும். எல்லாம் தியாத்ர் பாக்கத்தான். கொங்கணியில நடக்குற மேடை நாடகம், டிக்கெட் வாங்கித்தான் பாக்குறாங்க, டிவி வந்தும் போன் வந்தும் ஹால் நிறையுது. எனக்கு இது இன்னைக்கும் பெரிய விஷயமாத்தான் தெரியுது.

நான் தியாத்ர் பேண்டுல கீபோர்டு வாசிக்கிறவன். அப்பா தூத்துக்குடிக்காரர், மர்மகோவா துறைமுகத்துல வேலை கிடைச்சு வந்தவர், நான் பொறந்து வளர்ந்தது எல்லாம் வாஸ்கோ. வீட்டுல தமிழ், தெருவுல கொங்கணி, கோயில்ல, அதான் சர்ச்சுல, பாடகர் குழுவுக்கு கீபோர்டு வாசிச்சுட்டு இருந்தப்போ ஒரு டிரம்பெட் அங்கிள் பாத்துட்டு, வாடான்னு கூட்டிட்டுப் போனார், அப்படியே ஒட்டிக்கிட்டேன். இப்போ பாடணும்னு ஆசைப்படுற பசங்க நிறைய பேர் கேக்குறாங்க, மேடையில பாடியே வாழ முடியுமான்னு. முடியும், ஆனா குரல் மட்டும் வச்சு முடியாது. முப்பது நாப்பது வருஷம் இதுலயே நின்னவங்களைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், அவங்கள்ல பல பேரோட குரல் சாதாரண குரல்தான். அவங்க எப்படி நின்னாங்கன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல இந்த மேடை எப்படி நடக்கும்னு சொல்லிடுறேன், இல்லேன்னா மத்தது புரியாது. ஒரு தியாத்ர்ல ஆறு ஏழு காட்சி இருக்கும், பொர்தோன்னு சொல்வாங்க. ஒரு பொர்தோ முடிஞ்சு திரை விழுந்ததும் பின்னாடி சோபாவைத் தூக்கு, கட்டிலைப் போடுன்னு செட் மாத்துவாங்க, அந்த நேரத்துல திரைக்கு முன்னாடி வந்து ஒருத்தரோ ரெண்டு பேரோ மூணு பேரோ பாட்டு பாடுவாங்க. இந்தப் பாட்டுக்குப் பேரு காந்தார். கதைக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது. மேல நாடகத்துல மாமியார் மருமகளை அடிச்சுட்டு இருப்பா, திரை விழுந்ததும் ஒருத்தர் வந்து மைனிங் லாரி தூசியைப் பத்திப் பாடுவார், அடுத்தவர் சிரிப்புப் பாட்டு, அப்புறம் திரும்ப மாமியார். பாக்குறவங்களுக்கு ரெண்டுமே வேணும், பல பேர் காந்தாருக்காகவே வர்றவங்க. பேண்டுன்னா டிரம்பெட், சாக்ஸபோன், பேஸ் கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு, மேடைக்குக் கீழ ஓரமா உக்காந்திருப்போம். அந்த இடத்துல இருந்து பாத்தா பாடுறவங்க கால் நடுங்குறது வரைக்கும் தெரியும்.

இது ஆரம்பிச்சது கோவாவுல கூட இல்ல, பம்பாய்ல. 1892 ஏப்ரல் 17ம் தேதி நியூ ஆல்ஃபிரட் தியேட்டர்ல 'இத்தாலியன் புர்கோ'ன்னு ஒண்ணு போட்டாங்க, லூகாசின்யு ரிபெய்ரோன்னு அசகாவ் ஊர்க்காரர் ஒருத்தர், பம்பாய் வந்த இத்தாலிய ஆப்பரா குழுவைப் பாத்துட்டு நம்ம பாஷையில இப்படி ஒண்ணு வேணும்னு செஞ்சது. அவர்கூட இருந்த ஜுவாவ் அகோஸ்தின்யு பெர்னாண்டஸ் (1871-1947), மட்காவ் போர்டா பக்கத்துக்காரர், அவர்தான் இதை ஒழுங்கா எழுதி, ரிகர்சல் பாத்து, ஒரு கலையா நிக்க வச்சார், அதனால அவரை பாய் தியாத்ரிஸ்ட், அதாவது தியாத்ரோட தகப்பன்னு சொல்றாங்க, ரவீந்திர பவன் பெரிய ஹாலுக்கே அவர் பேருதான். அப்போ பாத்தவங்க யாருன்னா கப்பல்ல வேலை பாக்குறவங்க, சாகிப் வீட்டு சமையல்காரங்க, பேண்டு வாசிக்கிறவங்க, தோபி தலாவ் பக்கம் ஊருக்கு ஒண்ணா இருந்த, குட்னு சொல்ற விடுதிகளுக்குள்ள ஒரே ரூம்ல பெட்டிமேல பெட்டி அடுக்கிப் படுத்துக் கிடந்த ஆம்பளைங்க. வீட்டை விட்டு வந்தவன் சொந்த பாஷையில ஒரு பாட்டு கேட்டா எப்படி இருக்கும்னு வெளியூர்ல வாழ்ந்த எல்லாருக்கும் தெரியும். குவைத்லயும் லண்டன்லயும் இன்னைக்கும் தியாத்ர் நடக்குறதுக்குக் காரணம் அதேதான்.

சரி, நான் யார்கிட்ட அதிகம் கத்துக்கிட்டேன்னு சொல்றேன். ஒரு ஆன்ட்டி, பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சால்செட் பக்கம் ஒரு கிராமம், அப்பா கப்பல் சமையல்காரர், வருஷத்துல பாதி நாள் வீட்டுல இருக்க மாட்டார். சின்ன வயசுல கோயில்ல பாடினாங்க, அப்புறம் கார்னிவல் நேரம் வீட்டு முற்றத்துலயே போடுற, 'கேள்'னு சொல்ற கொங்கணி நாடகத்துல நின்னாங்க, அதுல ஒரு தியாத்ர் டைரக்டர் பாத்துட்டுக் கூப்பிட்டுப் போனார். பகல்ல தையல், சாயங்காலம் ரிகர்சல். கல்யாணத்துக்கு அப்புறமும் பாடுனாங்க, புள்ளை பெத்துட்டு சீக்கிரமே திரும்ப வந்தாங்க, பம்பாய் ஷோ, குவைத் ஷோ எல்லாம் போயிருக்காங்க. நடிப்பாங்க, அழுகைக் காட்சியில ஹாலே மூக்கை உறிஞ்சும், அடுத்த அஞ்சு நிமிஷத்துல உடை மாத்திட்டு வந்து சிரிப்பு டூயட் பாடுவாங்க. என்னை அவங்க "பாபா"ன்னுதான் கூப்பிடுவாங்க. நான் தூத்துக்குடின்னு தெரிஞ்சதும் முதல்ல கேட்டது வேளாங்கண்ணி எவ்வளவு தூரம்னுதான், வாஸ்கோவுல இருந்து வேளாங்கண்ணிக்கு ரயில் ஓடுது, கோவாக்காரங்க நிறைய பேர் போவாங்க, ஆன்ட்டியும் போயிட்டு வந்தவங்க.

அவங்க எனக்குக் காட்டுன முதல் பாடம் வார்த்தை. ஒரு நாள் அவங்க வீட்டு பல்காவ்ல, அதான் முன்னாடி திண்ணை போட்ட வராந்தா, புதுப் பாட்டு ஒண்ணுக்கு மெட்டு பாத்துட்டு இருந்தோம். விஷயம் என்னன்னா, பூட்டிக் கிடக்குற வீடுங்க. போர்ச்சுகல் கையில இருந்து கோவா இந்தியாவுக்கு வந்தது 1961 டிசம்பர் 19, அதுக்கு முன்னாடி கோவாவுல பொறந்தவங்களும் அவங்க பிள்ளை பேரப்பிள்ளைங்களும் போர்ச்சுகல் குடியுரிமை வாங்க முடியுது, அதை வச்சு 2020 வரைக்கும் கிளம்பி இங்கிலாந்து போனவங்க ஸ்விண்டன்ல கிடங்கு வேலை, லண்டன்ல கிளீனிங் வேலைன்னு இருக்காங்க, இங்க வீட்டுல வயசான அம்மா மட்டும், அந்த அம்மாவும் போயிட்டா பெரிய பூட்டு. இதைத்தான் எழுதிருந்தாங்க. நல்ல பாட்டு. நான் வாசிச்சுக் காட்டுறேன், அவங்க ஒரு சரணத்தோட கடைசி வரியில நின்னுட்டாங்க. அந்த வரி மூக்குல முடியுற வார்த்தையில முடியுது, கொங்கணியில அந்த மாதிரி வார்த்தை ஏகப்பட்டது. "பாபா, இங்க நான் நீட்டிப் பிடிக்கணும், மூக்குல எப்படிப் பிடிப்பேன், வாய் மூடிக்குது, கடைசி வரிசைக்கு என்ன போய்ச் சேரும்"னு கேட்டாங்க. அப்புறம் நோட்டுல பென்சிலால அதே வரியைத் தலைகீழாப் புரட்டி, வினையை முன்னாடி போட்டு, 'ஆ'ன்னு திறக்குற வார்த்தை கடைசில வர்ற மாதிரி மாத்துனாங்க. அர்த்தம் ஒரு துளி மாறல. பாடிக் காட்டுனாங்க, எதிர் வீட்டுல துணி காயப்போட்டுட்டு இருந்த அம்மா திரும்பிப் பாத்தாங்க.

அன்னைல இருந்து யார் பாட்டு கொண்டு வந்தாலும் நான் முதல்ல பாக்குறது அதைத்தான். நீட்டுற இடத்துல என்ன எழுத்து இருக்கு. தமிழ்ல பாடுறவங்களுக்கும் இது அப்படியே பொருந்தும், 'ம்', 'ன்'ல முடியுற வரியை உச்சத்துல வச்சு நீட்டச் சொன்னா எந்தக் குரலும் திணறும். மெட்டை மாத்துறதுக்கு முன்னாடி வரியை மாத்திப் பாருங்க. இன்னொண்ணு, காந்தார் கேக்குறவங்க முதல் தடவை கேக்குறாங்க, அப்பவே புரியணும், திரும்பப் போட்டுக் கேக்க அங்க வழி இல்ல. அதனால வார்த்தை தெளிவு இல்லாத அழகான குரலைவிட வார்த்தை தெளிவா விழுற சுமாரான குரலுக்குத்தான் அந்த மேடையில மதிப்பு. ஆன்ட்டி ரிகர்சல்ல பாட்டை முதல்ல மெட்டே இல்லாம, பேசுற மாதிரி சொல்லிப் பாப்பாங்க, ஹாலோட கடைசி வரிசையில யாரையாவது உக்கார வச்சு, என்ன கேட்டுச்சு சொல்லுன்னு கேப்பாங்க. பேசும்போதே விழாத வார்த்தை பாடும்போது எப்படி விழும்.

ரெண்டாவது சுருதி. புதுசா வர்ற பசங்க ரிகர்சல்ல காலையில டீ குடிச்சுட்டு ஃப்ரெஷ்ஷா வந்து, அஞ்சு கட்டைல நல்லா வருது அங்கிள், அதுலயே வைங்கன்னு சொல்லும். ஞாயித்துக்கிழமை மூணரை மணி ஷோ முடிஞ்சு உடனே பஸ் ஏறி வேற ஊர்ல ஏழு மணி ஷோ இருக்கும், நடுவுல நாடகத்துல கத்தி அழுது சண்டை போட்டிருக்கணும், அந்த நிலைமையில எந்தக் கட்டை வருமோ அதுதான் உங்க கட்டை. அரைக் கட்டை இறக்குனா கேக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது, உங்க தொண்டைக்குத் தெரியும். கீபோர்டுல எனக்கு ஒரு பட்டன் அமுக்குற வேலைதான், ஆனா டிரம்பெட், சாக்ஸ் காரங்களுக்கு முழு நோட்டேஷனும் மாறும், அதனால ஷோ அன்னைக்கு வந்து கட்டையை மாத்தச் சொல்லாதீங்க, முதல்லயே கம்மியா வச்சுக்கோங்க. பழைய ஆளுங்க பேண்டுக்கு நோட்டேஷன் எழுதித்தான் தருவாங்க. போர்ச்சுகீசியர் காலத்துல கோயில் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்த மாதிரியே சங்கீத எழுத்தும் சொல்லிக் கொடுத்தாங்க, அப்படிப் படிச்சு வந்தவங்கதான் பம்பாய் போய் ஹிந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராவுல நிறைஞ்சாங்க, அந்தோனி கொன்சால்வஸ், செபாஸ்டியன் டிசோசா, ஃபிராங்க் ஃபெர்னாண்டு எல்லாரும் கோவா வேர் உள்ளவங்கதான். இப்போ வர்ற பசங்க போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புறாங்க, அதுலயும் தப்பில்ல, ஆனா கூடவே எந்த இடத்துல எத்தனை பார், அதான் தாளக் கட்டம், காலி, எங்க நிறுத்தணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க, பேண்டு உங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடும்.

தொண்டையைப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல, எல்லாரும் சொல்றதுதான். ஷோ நாள்ல ஐஸ் போட்டது எதுவும் தொட மாட்டாங்க, சாப்பாடு மேடைக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி முடிஞ்சிடும், திங்கக்கிழமை யார்கூடவும் அதிகம் பேச மாட்டாங்க. மழைக்காலத்துல கோவாவுல சுவரே வேர்க்கும், அந்த மூணு மாசம்தான் குரல் போறது அதிகம், அப்போ கழுத்துல துண்டு இல்லாம வெளிய வர மாட்டாங்க. குரல் கட்டுனா மாத்திரையைப் போட்டு அன்னைக்கே பாடுறவங்களை அவங்களுக்குப் பிடிக்காது, ஒரு ஷோவை விடு, ஒரு வருஷத்தை விடாதேன்னு திட்டுவாங்க.

மேடை நடையிலயும் கத்துக்க நிறைய இருக்கு. முன்னிசை ஆரம்பிச்சதும் ஓரத்துல இருந்து மைக் வரைக்கும் நடந்து வரணும், பின்னாடி கட்டில் இழுக்குற சத்தம் கேக்கும், அதையெல்லாம் மறைக்கணும். ஆன்ட்டி வந்து நின்னதும் ரெண்டு பார் சும்மா நிப்பாங்க, ஹாலை இடது வலதுன்னு ஒரு தடவை பாப்பாங்க, ஜனம் அடங்கும், அப்புறம்தான் முதல் வரி. காந்தார்ல ஒவ்வொரு சரணமும் கடைசி வரியில போய் அடிக்கிற மாதிரி எழுதுவாங்க, அந்த இடத்துல கைதட்டும் விசிலும் வரும், வந்தா அடுத்த சரணத்துக்குள்ள ஓடிடக் கூடாது, வார்த்தை எல்லாம் கைதட்டுல முங்கிடும். அவங்க இடது கையைப் புடவை மடிப்பு ஓரமா தொங்க விட்டு ரெண்டு விரலை நீட்டுவாங்க, எனக்கு மட்டும் தெரியும், அதுக்கு அர்த்தம் இன்டர்லூடை, அதான் சரணத்துக்கு நடுவுல வர்ற இசையை, திரும்ப வாசின்னு. நான் டிரம்ஸைப் பாப்பேன், அவன் டிரம்பெட்டைப் பாப்பான், திரும்ப எட்டு பார். விரலை மடக்குனா சரணம். இந்த மாதிரி ஒரு சைகை பாடுறவங்களுக்கும் பேண்டுக்கும் நடுவுல கட்டாயம் இருக்கணும், அதை ரிகர்சல்லயே பேசி வச்சுக்கணும்.

அரசியல் பாட்டுக்கு வர்றேன். தியாத்ர்ல மந்திரி முன் வரிசைல உக்காந்திருக்க, அவரைப் பத்தியே பாடுவாங்க, அவரும் கைதட்டணும், வேற வழி இல்ல. இது நேத்து வந்த பழக்கம் கிடையாது. 1967 ஜனவரி 16 அன்னைக்கு கோவாவுல ஓட்டெடுப்பு நடந்துச்சு, மகாராஷ்டிராவோட சேரணுமா, தனி யூனியன் பிரதேசமாவே இருக்கணுமான்னு, அப்போ உல்ஹாஸ் புயாவ் மாதிரி பாடகர்களும் தியாத்ர்காரங்களும் ஊர் ஊராப் பாடித்தான் ஜனங்களைத் திரட்டுனாங்க, முப்பத்தி நாலாயிரம் ஓட்டு சொச்சத்துல தனியா நிக்கிறதுன்னு முடிவாச்சு. அப்புறம் 1987ல கொங்கணி ஆட்சிமொழி ஆனதுக்கு நடந்த போராட்டத்துலயும் பாட்டு இருந்துச்சு. சட்டத்துல கொங்கணின்னா தேவநாகரி எழுத்துல எழுதுறதுன்னு வச்சுட்டாங்க, ஆனா தியாத்ர்காரங்க நோட்டுல எழுதுறது ரோமன் எழுத்துல, நூறு வருஷத்துக்கு மேல அப்படித்தான் எழுதுறாங்க, அந்த வருத்தம் அவங்களுக்கு இன்னும் இருக்கு, எனக்கும் அது நியாயமாத்தான் படுது. இந்தக் கலை முழுக்க நிக்கிறதே அந்த எழுத்துலதான்.

அரசியல் காந்தார் எழுதுறவங்களுக்கு ஆன்ட்டி சொன்ன முறை ரொம்ப எளிசு. பேப்பர்ல வந்ததை மட்டும் பாடு, டீக்கடையில கேட்டதைப் பாடாதே. பேர் சொல்லாதே, ஊரைச் சொல்லு, செஞ்ச காரியத்தைச் சொல்லு, பேரை ஜனங்க அவங்களே போட்டுக்குவாங்க. ஒரு சரணத்தை மட்டும் வாரா வாரம் மாத்துற மாதிரி வச்சுக்கோ, மத்தது அப்படியே இருக்கட்டும், பேண்டுக்கும் தொந்தரவு இல்ல, ஜனத்துக்கும் புதுசா இருக்கும். ஒருத்தரோட வீட்டுப் பொம்பளைங்களைப் பத்தியோ உடம்பைப் பத்தியோ பாடி வாங்குற கைதட்டு அவங்களுக்கு ஆகவே ஆகாது. அப்படி ஒரு பாட்டு வந்தா, கூடப் பாட மாட்டேன்னு நேரா சொல்லிடுவாங்க.

இப்போ பணம். யாரும் வெளிய பேசுறது இல்ல, ஆனா இதுலதான் நிறைய பேர் விழுறாங்க. தியாத்ர் ஷோவை கான்ட்ராக்டர்ங்க மொத்தமா வாங்குவாங்க, டைரக்டருக்கு இவ்வளவுன்னு கொடுத்துட்டு டிக்கெட் லாபத்தை அவங்க பாத்துக்குவாங்க. பாடுறவங்களுக்கும் பேண்டுக்கும் ஷோ கணக்குல சம்பளம். ஊர் திருவிழாவுக்கு மைதானத்துல போடுற ஷோல மழை வந்து கூட்டம் கலைஞ்சா என்ன ஆகும்? ஒரு தடவை அப்படித்தான், ரெண்டாவது பொர்தோல மழை கொட்டுது, கான்ட்ராக்டர் காரை எடுத்துட்டுப் போயிட்டார், நாங்க எல்லாம் நனைஞ்ச வயரைச் சுத்திட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வந்தோம். அந்தப் பணம் வரவே இல்ல. அதுக்கு அப்புறம் ஆன்ட்டி பாதி பணம் ரிகர்சல் முடிஞ்ச அன்னைக்கே, மீதி மேடை ஏறுறதுக்கு முன்னாடின்னு பேசி வச்சுட்டாங்க. மழை வந்தா எவ்வளவு, கரண்ட் போனா எவ்வளவு, ஷோ தள்ளிப் போனா எவ்வளவு, எல்லாம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ். பெரிய அக்ரிமென்ட் எல்லாம் வேண்டாம், "சரி"ன்னு எதிர்ல இருந்து ஒரு பதில் இருந்தா போதும். இப்படிக் கேட்டா கூப்பிட மாட்டாங்கன்னு பயப்படுற பசங்க இருக்காங்க, கேட்டதுக்காக ஆன்ட்டியை யாரும் கூப்பிடாம விடல, ஒழுங்கா நேரத்துக்கு வர்ற ஆளை யாரும் விட மாட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், தியாத்ர்ல பேர் வாங்குன பல பேர் கூடவே ஒரு வேலையும் வச்சிருந்தாங்க, பேங்க், ஸ்கூல், கப்பல், தையல்னு. அதைக் குறைவா நினைக்காதீங்க. வீட்டுச் செலவுக்கு வேற வழி இருக்கிறவங்களாலதான் மோசமான பாட்டை வேண்டாம்னு சொல்ல முடிஞ்சுது. வளைகுடா டூர் கூப்பிட்டா விசா யார் எடுக்குறாங்க, தங்குற இடம் எங்க, திரும்பி வர்ற டிக்கெட் கையில இருக்கா, இந்த மூணும் பாக்காம பாஸ்போர்ட்டை யார்கிட்டயும் கொடுக்காதீங்க. வயசாகி மேடை இல்லாம போன கலைஞர்களுக்கு கோவா அரசாங்கத்தோட கலை பண்பாட்டுத் துறையில கலா சன்மான்னு மாசா மாசம் உதவி தர்ற திட்டம் இருக்கு, அதுக்கு நீங்க மேடை ஏறுனதுக்கு ஆதாரம் வேணும். பழைய நோட்டீஸ், பேப்பர் விளம்பரம், போட்டோ, சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். எத்தனையோ பெரியவங்க வாழ்நாள் முழுக்கப் பாடிட்டு, கையில ஒரு நோட்டீஸ் கூட இல்லாம நின்னதைப் பாத்தா மனசு ஆறல.

பாட்டு நோட்டும் அப்படித்தான். காந்தார் எழுதுனவங்க நோட்டு எல்லாம் டிரங்கு பெட்டியில கிடந்து கரையான் தின்னுடுச்சு, கோவா ஈரத்துல பேப்பர் ஒட்டிப் போகுது. ஆல்ஃபிரட் ரோஸ் (1932-2003) மாதிரி ஆளுங்க எழுதி, மெட்டு போட்டு, பாடி, தியாத்ரும் எழுதி நடத்துனாங்க, அவர் பாட்டு இசைத்தட்டுலயும் ரேடியோவுலயும் வந்ததால நமக்கு இன்னைக்கும் கேக்கக் கிடைக்குது. மேடையில மட்டும் பாடுன எத்தனையோ பேரோட பாட்டு அவங்க கூடவே போயிடுச்சு. நானும் ஆன்ட்டி மகளும் உக்காந்து அவங்க நோட்டு முழுக்க போன்ல ஸ்கேன் பண்ணோம், ஒவ்வொரு பாட்டுக்கும் அவங்களே ஒரு பல்லவி பாடி ரெக்கார்ட் பண்ணி, தேதி, எந்த தியாத்ர்ல பாடுனதுன்னு எழுதி வச்சோம். நீங்க பாட்டு எழுதுறவங்களா இருந்தா இதைத் தள்ளிப் போடாதீங்க. ரெக்கார்டிங் வெளிய வந்த பாட்டு இருந்தா ஐபிஆர்எஸ்ல, அதான் பாட்டு எழுதுறவங்களுக்கும் இசையமைக்கிறவங்களுக்கும் ராயல்டி வாங்கித் தர்ற சங்கத்துல, உறுப்பினர் ஆகி பாட்டைப் பதிஞ்சு வைங்க, எழுதுனவங்க, இசையமைச்சவங்களுக்கு வர்ற ராயல்டி பங்கை 2012 சட்டத்திருத்தத்துக்கு அப்புறம் யாரும் மொத்தமா எழுதி வாங்கிட்டுப் போக முடியாது. நம்ம நாட்டுல பாட்டு எழுதுனவர் போன பிறகும் 60 வருஷம் உரிமை குடும்பத்துக்கு இருக்கு, இது பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

பொம்பளைங்க பாடு தனி. முதல்ல பொம்பளை வேஷத்தையும் ஆம்பளைங்கதான் போட்டாங்க, 1904ல ஜுவாவ் அகோஸ்தின்யு தன் மனைவி ரெஜினாவையே மேடை ஏத்துனார், அவங்கதான் தியாத்ர்ல நடிச்ச முதல் பொண்ணு. ஊர் என்ன பேசிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஆன்ட்டி காலத்துலயும் பேச்சு நிக்கல, ராத்திரி ஒரு மணிக்கு வேன்ல வந்து இறங்குறவளைப் பத்தி என்ன வேணா சொல்லலாம்னு இருந்தாங்க. அவங்க செஞ்சது, ஷோவுக்கு ஒத்துக்கும்போதே மூணு விஷயம் கேப்பாங்க: உடை மாத்த கதவு பூட்டுற ரூம் இருக்கா, குழுவுல வேற எத்தனை பொம்பளைங்க, வீட்டு வாசல் வரைக்கும் யார் கொண்டு விடுவாங்க. பதில் சரியில்லேன்னா வேண்டாம். இப்போ வர்ற பொண்ணுங்களும் அதையே கேக்குறாங்க, டைரக்டர்களுக்கும் பழகிடுச்சு.

பாடகி லோர்னாவைப் பத்தி சொல்லாம கொங்கணிப் பாட்டைப் பேசவே முடியாது. கிறிஸ் பெர்ரி எழுதி மெட்டு போட்டு டிரம்பெட் பிடிச்சார், லோர்னா பாடுனாங்க, அந்தப் பாட்டெல்லாம் இன்னைக்கும் கல்யாண வீட்டுல ஓடுது. அப்புறம் மேடையை விட்டு விலகி இருபது வருஷத்துக்கு மேல பாடவே இல்ல, 1995ல திரும்பி வந்து நின்னாங்க, ஜனம் அவங்களை மறக்கல. இதை நான் சொல்றது, குழந்தை, உடம்பு, குடும்பம்னு ஏதோ காரணத்துல மேடையை விட்டு இறங்குன அக்காங்களுக்காக. மங்களூர் பக்கம் போனா அது இன்னொரு பெரிய கதை, வில்ஃபி ரெபிம்பஸ் (1942-2010) பாட்டு இல்லாம அங்க கொங்கணி வீடே இல்ல, 1986ல தொடங்குன மாண்ட் சோபாண் அமைப்பு 2008ல 40 மணி நேரம் நிக்காம கொங்கணியில பாட வச்சாங்க. அதைப் பத்தி இன்னொரு நாள் தனியா எழுதுறேன்.

ஒரு தியாத்ர் நேர்ல பாக்கணும்னு தோணுனா, கோவா போறப்போ ஞாயித்துக்கிழமையைச் சேத்து பிளான் பண்ணுங்க. மட்காவ்ல ரவீந்திர பவன், பணஜில கலா அகாதமி, மாப்சாவுல ஹனுமான் தியேட்டர், இங்க எங்கயாவது ஒண்ணு கிடைக்கும், உள்ளூர் பேப்பர் விளம்பரத்துல பேர், நேரம் எல்லாம் வரும், தெருவுல ஒட்டுற போஸ்டர்லயும் இருக்கும். கலா அகாதமி 1974ல இருந்து நடத்துற தியாத்ர் போட்டி நேரம் போனா வரிசையா பல குழுவைப் பாக்கலாம். மூணு மணி நேரம் ஆகும், சாப்பிட்டுட்டுப் போங்க. கொங்கணி தெரியலன்னா பக்கத்து சீட்டுப் பாட்டிகிட்ட முதல்லயே சொல்லி வைங்க, காந்தார் பாடும்போது அவங்களே காதுல சொல்லிட்டு வருவாங்க. முடிஞ்சா இடது பக்கம் முன் வரிசையில டிக்கெட் எடுங்க, நாங்க வாசிக்கிற பல ஹால்ல பேண்டு அந்தப் பக்கம்தான், பாடுறவங்க கையும் அங்கிருந்து நல்லாத் தெரியும்.